மிஸஸ் அருப்புக்கோட்டை

அந்தப் பைய மட்டும் கொஞ்சம் மடியில வெச்சுக்கிறீங்களா சார்? மேல வெச்சா எவனாவது அது மேலயே மூட்டையத் தூக்கிப் போட்டுருவான். உள்ள பட்டுச் சேலை இருக்கு. என் சம்சாரத்தோட கல்யாணச் சேலை. ட்ரை கிளீனிங் குடுத்து, மடிப்புக் கலையாமக் கொண்டுபோறேன்.

நான் போடி போறேன். நீங்க? தேனியா. அப்ப நெறைய நேரம் இருக்கு. இந்த பஸ்சு உசிலம்பட்டி போய்ச் சேர்றதுக்குள்ளயே விடிஞ்சிரும் போல, உருட்டுறான்.

சம்சாரம் போடியில தங்கச்சி வீட்ல இருக்கா. கூட்டிட்டு வரத்தான் போறேன். ஊர்ல ஒரு கூட்டம், சீனிராஜ் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா, இனிமே வர மாட்டான்னு பேசித் திரியுது. கோவமெல்லாம் ஒண்ணும் கெடையாது சார். கோவிக்கிற மாதிரி நான் என்ன செஞ்சேன்? நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க. முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, தப்பு யார் மேலன்னு.

எனக்கு அருப்புக்கோட்டை. பைப்பு, டேப்பு, மோட்டார் சாமான் கடை வெச்சிருக்கேன். ஆனா ஊருக்குள்ள வந்து சீனிராஜ் கடை எங்கன்னு கேட்டா பாதிப் பேரு முழிப்பான். மிஸஸ் அருப்புக்கோட்டை கடை எங்கன்னு கேளுங்க, கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்ருவான்.

சிரிங்க, சிரிங்க. சிரிக்கத்தான் அது.

எங்க ஊர்ல நகர நல்லோர் சங்கம்னு ஒண்ணு இருக்கு. கடைக்காரங்க, வாத்தியாருங்க, பேங்குல இருக்கிறவங்க, இப்படி நாலு பெரிய மனுசங்க சேந்து நடத்துறது. வருசா வருசம் ஏழைபாழைங்களுக்கு இலவசமாக் கண் ஆபரேசன் செஞ்சு வைக்கிறோம். அதுக்குப் பணம் வேணுமில்ல? டிக்கெட் போட்டு ஒரு விழா எடுப்போம். பட்டிமன்றம் வெச்சுப் பாத்தோம், நாற்காலிங்கதான் கேட்டுச்சு. பாட்டுக் கச்சேரி வெச்சோம், பாடுனவன் சொந்தக்காரங்க மட்டும் வந்தாங்க. அப்பத்தான் லாரன்ஸ் சொன்னாரு. பி.டி. வாத்தியாரு, மைக்கப் புடிச்சா விட மாட்டாரு. "ஏண்ணே, நம்மளே சேலையக் கட்டிக்கிட்டு அழகிப் போட்டி நடத்துனா என்ன"ன்னாரு. அம்புட்டுத்தான். கல்யாண மண்டபம் நெறஞ்சு, ஆளுங்க சன்னல்ல தொத்திக்கிட்டு நின்னாங்க.

போட்டிக்கு ஒரே ஒரு ரூல்தான் சார். மீசைய எடுக்கக் கூடாது. மீசையோடதான் சேலை கட்டணும். சிரிப்பே அதுலதான இருக்கு? மீசைய மழிச்சுட்டா நெசப் பொம்பளை மாதிரி ஆயிரும், குடும்பத்தோட வர்றவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கும்னு கமிட்டியில பேசி முடிவு பண்ணுனது. கவுரவமான சங்கம்ல.

மொத வருசம் ஆளாளுக்கு விக்கு, லிப்ஸ்டிக், உள்ள பலூனு. மேடையில போய் இடுப்ப ஆட்டுறான். எண்ணெய்க் கடை வச்சிருக்கிற மனுசன் ஒருத்தன் கண்ணடிக்கிறான். எனக்கு அதெல்லாம் ஒத்து வராது சார், கோமாளித்தனம். ஈஸ்வரிதான் எனக்குச் சேலை கட்டிவிட்டா. மாரீஸ்வரி, என் சம்சாரம். இந்தா, உங்க மடியில இருக்கே, இதே சேலைதான். மாம்பழக் கலரு, அரக்குப் பார்டர். குனிஞ்சு கொசுவத்த நீவிவிட்டா, பின்னு குத்துனா. "நடக்குறப்பப் பாத்து, மிதிச்சுக் கிழிச்சுராதீங்க"ன்னு மட்டும் சொன்னா.

மேடையில ஏறுறேன், பின்னாடி இருந்து ஒருத்தன் விசிலடிக்கிறான். எனக்கு வெக்கம் வந்துருச்சு சார், நெசமாவே. என்ன செய்யிறதுன்னு தெரியாம, இந்தா, இப்படி, உள்ளங்கைய வாய் மேல வெச்சுத் தலையக் குனிஞ்சேன். பாத்தீங்களா, உங்களுக்கே சிரிப்பு வருது! இது ஈஸ்வரி செய்யிறது. யாராவது பேச்சுக் குடுத்தா, சிரிப்பு வந்தா, டக்குனு கை போயிரும் வாய்க்கு. அவளுக்கு மேல ஒரு முன்பல்லு இல்ல. குளிக்கிற எடத்துல வழுக்கி விழுந்துட்டா, போயிருச்சு. அதுல இருந்து இந்தப் பழக்கம்.

இப்ப விசயத்தக் கவனிங்க. கைய வெச்சேனா, மீசை மறைஞ்சிருச்சு. மீசை இருக்கு, ஆனாத் தெரியல. ரூலும் ஒடையல. மண்டபமே ஒரு நிமிசம் கப்சிப். எல்லாரும் வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்குறான், இது சீனிராஜா, அவன் பொண்டாட்டியான்னு. மெதுவாக் கைய எடுத்தேன். மீசை! அய்யோ சார், அன்னைக்குச் சிரிச்ச சிரிப்புல மண்டபத்துக் கூரை பறந்திருக்கணும். கிரீடத்தத் தூக்கி என் தலையில வெச்சுட்டாங்க. அதுக்கப்புறம் வருசா வருசம் அது என் தலைக்குத்தான். வேற தலைக்கு அளவே சேராதுன்னு லாரன்சே மைக்குல சொல்லுவாரு.

சும்மா வந்துறல அது. நடிப்புன்னா கவனிப்பு சார். வீட்ல அவள விடாமக் கவனிப்பேன். உக்காரப் போற எடத்த முந்தானையால ஒரு தட்டுத் தட்டிட்டுத்தான் உக்காருவா. ஆம்பளைங்க வந்து பேசுனா நேராப் பாக்க மாட்டா, கதவுக்குப் பின்னாடி பாதி ஒடம்பு, வெளிய பாதி ஒடம்பு. என்ன கேட்டாலும், "சரிங்க", "இல்லீங்க", "அவரக் கேட்டுத்தான் சொல்லணுங்க". நான் கடையில இருந்து வர்ற வண்டிச் சத்தம் கேட்டா, டிவிய அமத்திட்டு எந்திரிச்சு நின்னுக்குவா. அதையும் மேடையில செஞ்சேன். வாயாலயே புல்லட் சத்தம் குடுத்துட்டு, ஒடனே பொம்பளையா மாறி, பதறி எந்திரிச்சு முந்தானைய இழுத்து விட்டுக்கிறது. வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. ஆம்பளைங்க அத்தன பேரும், "எங்க வீட்லயும் இதேதாண்ணே"ன்னு வந்து கையக் குலுக்குறாங்க.

அவளால எனக்குப் பேரு, என்னால அவளுக்குப் பேரு. கடைவீதியில யாருக்கு அவளத் தெரியும் முன்னாடி? இப்ப எல்லாருக்கும் தெரியும்.

இவளுக்கு அந்தப் பெருமை தெரியல சார். ரெண்டாவது வருசமே சேலை கட்டிவிடுறப்பக் கேட்டா, "வேற யாரையாச்சும் மாதிரி செய்யுங்களேன்"னு. ஏன்டின்னேன். "காய்கறிக்காரம்மா, பால்காரம்மா, எல்லாரும் என் வாயவே பாக்குறாங்க. நான் கைய வெச்சா அவங்களுக்குச் சிரிப்பு வருது"ங்கிறா. அட கிறுக்கி, சினிமாக்காரிக்குக்கூட இந்தப் பேரு கெடைக்காது, சந்தோசப்படுடின்னேன். கைய வாயில வெச்சுக்கிட்டா. சிரிச்சாளோ என்னமோ, கைய வெச்சுக்கிட்டா நமக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் பல்லு கட்டணும்னு ஆரம்பிச்சா. மதுரையில போய்க் கட்டிட்டு வந்துரலாம், விமலாவும் தொணைக்கு வர்றேங்கிறான்னா. விமலா அவ தங்கச்சி, போடியில இருக்கிறது. நான் வேணாங்கல சார். விழா முடியட்டும்னேன். காரணம் இருக்கு. பல்லக் கட்டிட்டா வாய மூடுவாளா? மூட மாட்டா. அப்புறம் நான் எதப் பாத்துச் செய்யிறது? ஒரு நடிகனுக்கு அது பெரிய விசயம். விழா முடியட்டும்னேன், ஆனா ஒரு விழா முடிஞ்சா அடுத்த விழா வந்துருதே, அதுக்கு நான் என்ன செய்ய?

ஆண்டிபட்டி தாண்டுனதும் சன்னல எறக்கி விட்ருங்க சார், காத்து பிச்சுக்கிட்டு வரும்.

சரி, இந்த வருசத்துக்கு வர்றேன். இந்த வருசம் தலைவர் புதுசு. டிவியில நடக்குற அழகிப் போட்டி மாதிரி நம்மளும் கேள்வி பதில் சுத்து வைக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. எனக்கு அப்பவே பிடிக்கல. நடந்தமா, சிரிச்சாங்களா, எறங்குனமான்னு இருக்கணும். ஆனா லாரன்ஸ், "அண்ணே, கேள்வி பூராம் நான்தான் எழுதுறேன், எல்லாம் சமையல், மாமியார் வெவகாரம்தான், நீங்க ஊதித் தள்ளிருவீங்க"ன்னாரு. நம்புனேன்.

புதுசா ஒரு போட்டிக்காரன் வேற. கிருபாகரன்னு கூட்டுறவு பேங்குக்கு மாத்தலாகி வந்தவன். மேடையில ஏறுறப்பவே கொசுவத்தக் கையில புடிச்சுக்கிட்டுத்தான் ஏறுறான். கொசுவம் பாதியிலயே அவுந்துருச்சு. "சாம்பார்ல உப்பு கூடிப்போச்சுன்னா என்னம்மா செய்வீங்க"ன்னு கேட்டா, "எம் பொண்டாட்டியக் கேட்டுச் சொல்றேன்"கிறான். பொம்பளை வேசம் போட்டுக்கிட்டு எம் பொண்டாட்டிங்கிறான் சார்! வேசத்துலயே நிக்கத் தெரியல. இவனெல்லாம் எனக்குப் போட்டி.

அடுத்தது நான். இந்தச் சேலைதான். நடந்தேன், நாற்காலிய முந்தானையால தட்டுனேன், கைதட்டு. வாய மூடுனேன், மீசை மறைஞ்சது, விசில். ஈஸ்வரி பொம்பளைங்க பக்கம் மொத வரிசையில உக்காந்திருக்கா. வர மாட்டேன்னுதான் சொன்னா. ஜெயிச்சவரு சம்சாரம் மேடைக்கு வந்து மாலை போடணும், வராமப் போனா என் மானம் போயிரும்னு ஒரு சத்தம் போட்டுக் கூட்டிட்டுப் போயிருந்தேன்.

லாரன்ஸ் சீட்டப் பாத்துக் கேள்வி கேக்க வாயத் தெறக்குறாரு. அதுக்குள்ள நடுவரா வந்திருந்த டாக்டரம்மா மைக்க வாங்கிருச்சு. கண் ஆபரேசன் செய்ய மதுரையில இருந்து வர்ற அம்மா. நல்ல மரியாதையான அம்மாதான். ஆனா அன்னைக்குப் பாருங்க, பட்டியல்லயே இல்லாத கேள்வியக் கேக்குது. "ஏம்மா, வந்ததுல இருந்து பாக்குறேன், எப்பவும் வாய மூடிக்கிட்டே இருக்கீங்களே, ஏன்?"

மண்டபம் சிரிக்குது. இது நமக்கு அல்வா மாதிரின்னு நெனச்சேன். தலையக் குனிஞ்சு, ஈஸ்வரி கொரல்ல, "பல்லு போயிருச்சுங்க. குளிக்கிற எடத்துல வழுக்கி விழுந்துட்டேங்க"ன்னேன். நல்லாச் சிரிச்சாங்க. அதோட விட்டிருக்கலாம்ல அந்தம்மா? விடல. அது சிரிக்கவும் இல்ல. மைக்கக் கொஞ்சம் கிட்டக்க வெச்சுக்கிட்டு, மெதுவாக் கேக்குது.

"நெசமாவாம்மா?"

"இல்லீங்க"ன்னுட்டேன்.

எப்படி வந்துச்சுன்னு தெரியல சார். நான் சொல்லணும்னு சொல்லல. அந்தக் கொரலுக்குள்ள போயிட்டா அப்படித்தான், அதுவாப் பேசும். "இல்லீங்க. சோத்துல முடி கெடந்துச்சுங்க. அவரு கைய ஓங்கிட்டாருங்க. என் தப்புதாங்க, தட்டு வைக்குறதுக்கு முன்னாடி நான் பாத்திருக்கணும்." இம்புட்டும் வந்துருச்சு. அவ கொரல் அப்படியே, ஒரு இழுப்புகூடக் கொறையாம. சொல்லப்போனா என் வாழ்க்கையிலயே அன்னைக்குத்தான் நான் அவள நூத்துக்கு நூறு செஞ்சேன்.

என்ன சார் அப்படிப் பாக்குறீங்க? ஒரே ஒரு தடவைதான். கை பட்டுச்சு, அம்புட்டுத்தான். அந்தப் பல்லு ஏற்கெனவே ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. எந்த வீட்ல நடக்கல? அது இல்ல இப்ப விசயம்.

விசயம் என்னன்னா, ஆம்பளைங்க பக்கம் சிரிச்சான் சார்! விழுந்து விழுந்து சிரிச்சான். கைதட்டுறான். பொம்பளைங்க பக்கம்தான் ஒரு சத்தமும் இல்ல. ஒருத்தி கையில வெச்சிருந்த விசிறிய ஆட்டுறத நிப்பாட்டிட்டா. அப்பத்தான் அந்தச் சிரிப்பு கேட்டுச்சு. பொம்பளைங்க பக்கத்துல இருந்து, ஒரே ஒரு ஆளு. மொத வரிசை.

ஈஸ்வரி.

கை ரெண்டும் மடியில இருக்கு. வாய நல்லாத் தெறந்து, தலையப் பின்னாடி சாச்சு, சத்தம் போட்டுச் சிரிக்கிறா. பல்லு போன எடம் மேடை வரைக்கும் தெரியுது. கல்யாணமான நாள்ல இருந்து அவ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல சார். கொரலே எனக்குத் தெரியாத கொரலா இருந்துச்சு. பக்கத்துல உக்காந்திருந்த பொம்பளை அவ தோளப் புடிச்சுக்கிட்டா. இவ நிறுத்தல. நான் மேடையில வாய மூடிக்கிட்டு நிக்கிறேன், அவ கீழ வாயத் தெறந்துக்கிட்டு உக்காந்திருக்கா.

கிரீடம் கிருபாகரனுக்கு. கொசுவம் அவுந்தவனுக்கு! பாக்க வேண்டிய கூத்து சார் அது. அவன் அந்தக் கிரீடத்த வாங்கிட்டு, "எனக்கு வேணாமே"ன்னு முழிக்கிறான். டாக்டரம்மா மார்க்குச் சீட்டக் குடுத்துட்டுச் சாப்பிடாமக் கெளம்பிப் போயிருச்சு. என்னயப் பாத்து ஒரு வணக்கம்கூடச் சொல்லல. அந்தச் சங்கத்துக்கு நான் எம்புட்டுச் செஞ்சிருக்கேன்! என்னால எத்தன பேருக்குக் கண்ணு தெரியுது தெரியுமா சார்?

வீட்டுக்கு வந்து கத்துனேன். ஏன் கத்த மாட்டேன்? "சபையில வெச்சுப் புருசனப் பாத்துப் பல்லக் காட்டுறியே, அசிங்கமா இல்ல?"ன்னேன். அவ சேலைய வாங்கி மடிச்சா. மடிச்சுக்கிட்டே, "நான் உங்களப் பாத்துச் சிரிக்கலங்க"ன்னா. அப்ப யாரப் பாத்துடி சிரிச்சன்னு கேட்டேன். "நான் யார்ட்டயும் சொன்னதே இல்ல. எங்கம்மாட்டகூட வழுக்கி விழுந்துட்டேன்னுதான் சொன்னேன். நீங்களே சொல்லிட்டீங்க"ன்னா. இது ஒரு பதிலா? கேட்டதுக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?

மறுநாள் எந்திரிச்சா, இட்லி ஊத்தி மூடி வெச்சிருக்கா, சட்னி அரைச்சு வெச்சிருக்கா, ஒரு பையோட வாசல்ல நிக்கிறா. விமலா வீட்டுக்குப் போறேங்கன்னா. நாலு நாள் இருந்துட்டு வரட்டும்னு நானும் விட்டேன். துணிமணி எல்லாம் எடுத்துட்டா. இந்தச் சேலைய மட்டும் கட்டில் மேல வெச்சுட்டுப் போயிட்டா. மறந்துட்டா போல.

போன் போட்டா எடுக்குறதில்ல. விமலாவுக்குப் போட்டேன். "அக்கா பல்லாஸ்பத்திரிக்குப் போயிருக்கா மாமா"ன்னுச்சு. மாமான்னுதான் கூப்பிட்டுச்சு, ஆனா அந்த மாமாவுல ஒண்ணுமே இல்ல. அடுத்த தடவ போட்டேன், "அக்கா இங்க ஏலக்காய்க் கடையில தரம் பிரிக்கிற வேலைக்குப் போறா மாமா"ங்குது. பாத்தீங்களா? என் சம்சாரம், ஏலக்காய் பொறுக்கப் போறா. என் கவுரவம் என்னாகுறது?

ஊர்லயும் அப்படித்தான். கடைக்குப் பொம்பளைங்க வர்றதே நின்னுபோச்சு. ஒரு டேப்பு வாசர் வாங்கக்கூட எதுத்த கடைக்குப் போறாளுக. லாரன்ஸ் வந்து, "அண்ணே, அடுத்த வருசம் நீங்க டிக்கெட் கவுண்டரப் பாத்துக்கங்க, மேடை வேணாம்"ங்கிறாரு. அன்னைக்கு ஆம்பளைங்க பக்கம் மொதக் கைதட்டு யாருது தெரியுமா? அவருதுதான். அவங்கவங்க வீட்ல போய் அவங்கவங்க பொண்டாட்டி என்ன கேட்டாளோ, மறுநாள்ல இருந்து அத்தன பேருக்கும் நான் ஆகாதவனாப் போயிட்டேன். சொன்னது நான் இல்ல, வேசம் சொல்லுச்சு. இத யாரும் புரிஞ்சுக்க மாட்டேங்கிறான்.

தேனி வந்துருச்சா? பைபாஸ் லைட்டு தெரியுதே. இருங்க சார், எறங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஒத்தாசை.

போடி போய் என்ன பேசணும்னு காலைல இருந்து சொல்லிப் பாத்துக்கிட்டு வர்றேன். மேடைக்கும் இப்படித்தான் பண்ணுவேன். என் கொரல்ல ஒரு கேள்வி, அவ கொரல்ல ஒரு பதில். எந்தக் கேள்வி போட்டாலும் அவ பதில் எனக்கு வந்துரும். "ஈஸ்வரி, பல்லு கட்டிக்கிட்டா கட்டிக்க, நான் ஒண்ணும் சொல்லல. சேலை கொண்டாந்திருக்கேன். கெளம்பு, வீட்டுக்குப் போவோம்." இது நான். நல்லாத்தான இருக்கு? இப்ப அவ. இந்தா, கைய வாயில வெச்சுட்டேன். தலையக் குனிஞ்சுட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. கொரல் மட்டும் வர மாட்டேங்குது சார். அருப்புக்கோட்டையில இருந்து வரல.

நானே கேட்டா வராது போல. அன்னைக்கும் டாக்டரம்மா கேட்டுத்தான வந்துச்சு. நீங்க கேளுங்களேன். சும்மா, மெதுவா. வீட்டுக்குப் போறியாம்மான்னு கேளுங்க. பையக் குடுத்துருங்க, நான் வெச்சுக்கிறேன். நிக்க வேணாம், வண்டி நின்னதும் எறங்கலாம். கேளுங்க சார், ஒரு வார்த்தைதான.

ம்.

"இல்லீங்க."

இல்ல, இருங்க சார், இது நான் சொன்னது இல்ல. எறங்கிறாதீங்க. இன்னொரு தடவ கேளுங்க.